என்ன வேலைக்கு?

அச்சுப் பட்டியலில் நாற்பத்துநாலு மேக்னத்துக்கு மட்டும்
பதினோரு பக்கம்.
தட்டை மூக்கு, உருண்டை மூக்கு, மூக்கில் குழி விழுந்தது,
அடியில் செப்புத் தொப்பி மாட்டப் படி வெட்டியது.
இரும்பு அச்சு கனம், சூடேற நேரமெடுக்கும், துருப்பிடிக்கும்.
அலுமினியத்தில் ஆறு குழி, மணிக்கட்டுக்கு இதம்.
படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம்:
என்ன வேலைக்கு?

ஐடஹோவில் எல்லாரும் கரடி என்றுதான் எழுதுவார்கள்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானும் எழுதினேன்,
ஓடும் கரடியின் பின்புறத்தைத் தவிர
வேறெதையும் பார்த்திராதவள்.

இது ஜனவரி. சால்மன் ஆறு ஓரங்களில் உறைந்து
நடுவில் மட்டும் கறுப்பாக நகர்கிறது.
புகை போகக் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
முதுகில் பூஜ்யம் டிகிரி, முகத்துக்கு நேரே எழுநூறு.

டயர்கடை ஹாவ்கன் கொடுத்த சக்கர எடைகள் ஒரு வாளி.
ஒவ்வொன்றையும் குறட்டால் கடித்துப் பார்க்க வேண்டும்.
பல் பதிந்தால் ஈயம்.
வழுக்கினால் இரும்பு, இல்லையென்றால் துத்தநாகம்.
போன வாரம் துத்தநாகம் ஒன்று தப்பி உள்ளே போய்விட்டது.
சட்டி முழுக்க ஆறிய கஞ்சி.
இருபது பவுண்டு.
அந்தக் கட்டிதான் இப்போது கதவுக்கு முட்டு.

வெள்ளீயத்துக்குப் பழைய சாமான் கடையில் ஒரு பியூட்டர் கோப்பை:
மகளிர் பவுலிங், இரண்டாம் பரிசு, பெர்னிஸ் ட்விட்செல்.
மன்னித்துக்கொள், பெர்னிஸ்.
உன் பெயர் கரைந்த பிறகுதான்
என் குண்டுகளுக்கு விளிம்பு வந்தது.

முதலில் எனக்குக் கடினம்தான் வேண்டியிருந்தது.
அச்சைத் திறந்து சூட்டோடு தண்ணீர் வாளியில் விழவிட்டேன்.
எந்தப் பென்சிலாலும் கீற முடியவில்லை.
ஊரெல்லாம் காட்டினேன்.
ஐம்பது சுட்டதும் குழலுக்குள் சாம்பல் சவ்வு,
செப்புக் கம்பி போட்டுத் தேய்த்தாலும் போகாதது.

மைட்டே உர்ரூட்டியா, என் கழுதைத் தொழிலில் பாதிப் பங்கு,
ஆறு அறைகளிலும் மெத்தென்ற ஈய உருண்டையைத்
தட்டித் தள்ளி வெளியே எடுத்து அளந்தாள்.
“உன் குண்டு சின்னது.
பொருந்தாததை எல்லாம் நீ
கடினத்தால் சரிக்கட்டப் பார்க்கிறாய்.”
அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு.
தலைமுடி தடிமன்கூட இல்லை.
என் கல்யாணத்தைப் பற்றி அவள் பேசவில்லை
என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பரில் கல்சரிவில் பிஸ்கட் விழுந்தது.
அடுப்பும் இரண்டு கூடாரமும் அதன் முதுகில்.
முன்னங்கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தது.
சுமையை அவிழ்த்தோம்.
அவிழ்க்கும்போது எப்போதும் போலப்
பெருமூச்சு விட்டது.

ஒரு சாண் தூரம்.
அந்தத் தூரத்தில்
மூக்கு தட்டையா உருண்டையா என்று யார் கேட்கிறார்கள்.
ஆன்டிமனி எத்தனை சதவீதம்,
தண்ணீரில் விழுந்ததா, துணியில் விழுந்ததா.
பன்னிரண்டு வருஷம் இடுப்பில் சுமந்ததற்கு
அதுதான் அதன் முதல் வேலை.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் என்பார்கள்.
அப்படி இல்லை.
சத்தம் பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோதும்
மைட்டே கயிற்றை விடாமல் நின்றாள்,
மறுமுனை தொய்ந்திருந்தது.

இன்றிரவு படிவத்தை நிரப்பிவிட்டேன்.
இரும்பு. இரண்டு குழி. தட்டை மூக்கு.
ஆயிரத்தில் இரண்டு கூட்டி.
உலோகம், சாதாரணப் பென்சில் கீறினாலே
கோடு விழும் அளவுக்கு.

என்ன வேலைக்கு?

கரடி, என்று எழுதினேன்.
அந்தக் கட்டம் அவ்வளவு சின்னது.