எண் நிற்கும்வரை

ஊத்தான் மெலிந்தாங் பாலாய் ராயாவில்
மின்விசிறிகள் பன்னிரண்டு.
மூன்று சுற்றாது.
நேற்றிரவு நாற்காலி அடுக்க வந்தபோதே
எண்ணிவிட்டேன்.

அப்பா இருந்திருந்தால் அவர் பேசியிருப்பார்.
இல்லை, அவரும் பேசியிருக்க மாட்டார்,
சித்தப்பாவை முன்னால் தள்ளிவிட்டு
சிகரெட் பிடிக்கப் போயிருப்பார்.
சித்தப்பாவுக்கும் எங்களுக்கும்
இப்போது பேச்சில்லை.
ஆகவே நான்.

கிள்ளானிலிருந்து இரண்டு வேன், ஏழு கார்.
பரிசத் தட்டு இருபத்தொன்று.
ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும்
என்னையே பார்க்கும் ஒரு முகம்.

கண்ணைப் பார்க்காதே, நெற்றியைப் பார் என்றான் குணாளன்.
நெற்றியில் விபூதி, பொட்டு, வியர்வை;
அதுவும் என்னைத்தான் பார்க்கிறது.
எல்லாரையும் செம்பனைக் குலையாக நினைச்சுக்கோ என்றாள்
கேன்டீன் மல்லிகேஸ்வரி.
நினைத்தேன்.
முன்வரிசை பழுத்தது, இரண்டாம் வரிசை காய்.
சிரிப்பு வந்தது,
கூடவே வயிற்றைக் கலக்கியது.

மூன்றாம் முறை கழிவறைக்குப் போய்
வாளித் தண்ணீரை முகத்தில் அடித்தேன்.
சட்டைப்பையில் எழுதி வைத்த தாள் நனைந்து
'சம்பந்தி' மட்டும் மிஞ்சியது.

மைக் கைக்கு வந்தது.
சில்லென்று இருந்தது,
ஆலை வாசலில் லாரி ஏறும் இரும்புத் தட்டுபோல்.

பதினான்கு வருடமாக எடைமேடை வேலை.
லாரி ஏறியதும் எண் துள்ளும்:
முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பது.
டிரைவர் ஹாரன் அடிப்பான்.
பின்னால் ஆறு லாரி நிற்கும்.
நான் பொத்தானை அமுக்குவதில்லை.
ஆடும்போது எடுத்த எடை
ஆலைக்கும் ஆகாது, தோட்டத்துக்கும் ஆகாது.

சரி, ஆடட்டும் என்று நின்றேன்.
முழங்கால் ஆடியது. மைக் ஆடியது.
அடக்கப் பார்க்கவில்லை.
யாரோ இருமினார்கள்.
ஒரு குழந்தை பலூன் கேட்டது.
சுற்றாத விசிறியில் ஒரு சிட்டு
உட்கார்ந்து, யோசித்து, பறந்தது.
எத்தனை விநாடி, தெரியாது.
கூட்டம் அதை
மரியாதை என்று எடுத்துக்கொண்டது.

எண் நின்றது.
முழுக்க இல்லை,
கடைசி இலக்கம் கொஞ்சம் துடித்தது.
அது எப்போதும் துடிக்கும்.

"எங்க தங்கச்சி சுபாங்கினி," என்றேன்,
"கோபம் வந்தா சாப்பிட மாட்டா.
ஒரு வேளைக்கு மேல விட்டுடாதீங்க."
தாளில் இது இல்லை.
தாளில் இருந்தது இரண்டு குறளும்
ஆறு 'பெருமதிப்பிற்குரிய'வும்.

மாப்பிள்ளையின் அப்பா தட்டை நீட்டினார்.
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
மேடை பார்த்த மனிதர்.
அவர் தட்டில் தேங்காய்
கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது.
அடியில் என் கையையும் கொடுத்தேன்.
அவர் என் நெற்றியையே பார்த்தார்.

பந்தியில்தான் மிச்ச நடுக்கம் வந்தது.
சிராப் தண்ணீர் பாதி வேட்டியில்.
சுபாங்கினி பட்டுச் சேலையோடு
எதிரே வந்து நின்று முறைத்தாள்.

"ஒரு வேளையா?
ரெண்டு வேளை தாங்குவேன்."