செடிக்கு

மாதவரம் பால்பண்ணைக்குப் பின்தெருவில்
பன்னீர் கட்டும் பட்டறை.
ஐந்து மணிக்குத் துணி பிழிவார்கள்.
வடிந்த தண்ணி இளம்பச்சையாய் நுரைத்துச்
சாக்கடைக்குப் போகும் முன்
என் கேன் போய் நிற்கும்.

'எதுக்கு?' என்றார்
முதல் நாள் மேஸ்திரி தணிகாசலம்.
'செடிக்கு' என்றேன்.
பன்றிக்கு என்றால்
கேனைக் கழுவச் சொல்வார்கள்,
கூடவே நான் நின்ற இடத்தையும்.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டோரம்
ஒன்பது செடிகள்.
முலை மறக்கவைத்து நாலு நாள்.
தாய் இருக்கும் பக்கத்துத் தகரத்தை
மூக்கால் முட்டி முட்டி
தகரமெங்கும் ஈரவட்டங்கள்.

பாதியாய் வெட்டிய நீல டிரம்மில் ஊற்றினேன்.
காலோடு உள்ளே இறங்கிக் குடித்தன,
காதுவரை நுரை.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
கேனைக் கவிழ்த்தது நான்தான்.
விடியலில் எல்லாம் நீராய்க் கழிந்து கிடக்க
இரண்டு எழவில்லை.

'இன்னாமா ஸ்டெல்லா, செடி நல்லாகீதா?'
'ரெண்டு வாடிப்போச்சு.'

துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.
லாரி ஒன்று ரிவர்ஸில்
பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

'ஒரேடியா ஊத்தாத.
கஞ்சில கலந்து, கொஞ்சங் கொஞ்சமா குடு.
நேத்து வடிச்சது வேணாம், புளிச்சிரும்.
குட்டி வயிறு தாங்காது.'

வயிறு என்றதும்
இருவரும் கேனைப் பார்த்தோம்.

'வேரு' என்றார்.
'வேருதான்' என்று
பாதிக் கேனைச் சாக்கடையில் சாய்த்தேன்.