ஈரத்துக்குக் கழிவு

ஷீட்டுக் கடைத் தராசை
ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்
பேச்சிப்பாறைப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு.
மழை விட்டு ஒரு மணிக்கூர்.
அணையில் படகு இறக்கக் கூடாதென்று உத்தரவு.
அக்கரையில் தச்சமலை
மூன்று நாளாய் மேகத்துக்குள் கிடந்தது.

ரப்பருக்கு மருந்தடிக்கிற டிரோன் அது.
டாங்கியைக் கழற்றிய பிறகும்
துரிசு மணம் போகவில்லை.
டாங்கி இருந்த இடத்தில்
ஒரு மீன்பெட்டி, நாலு முழம் நைலான் கயிறு.
ஷிஜின் வானத்தைப் பார்க்கவில்லை,
தென்னை ஓலையைப் பார்த்தான்.
"காத்து கிடக்கு அண்ணா.
மூணு கிலோவுக்கு மேல
ஒரு கிராம் ஏத்தப்பிடாது."

பதினாறு வருஷமாய் எடை போடுகிற கை இது.
ஷீட்டில் ஈரம் இருந்தால்
கிலோவுக்கு நூறு கிராம் கழிப்போம்.
ஈரம் இல்லாத நாளிலும்
சில பேருக்குக் கழித்ததுண்டு.

நர்ஸ் புஷ்பலில்லி வாசிக்க வாசிக்க வைத்தேன்.
இன்சுலின், ஐஸோடு சேர்த்து அறுநூற்று இருபது.
பாம்புக்கடி மருந்து நானூற்று எண்பது.
பால்பொடி, குளோரின் மாத்திரை,
டார்ச்சுக்குக் கொஞ்சம் பேட்டரி.
மூன்று கிலோ நாற்பது.

நாற்பது கிராமுக்கு எதை இறக்க?
யாரும் வாய் திறக்கவில்லை.
லில்லி பால்பொடியின் வெளி அட்டையைக் கிழித்தெடுத்தாள்.
முப்பத்திரண்டு குறைந்தது.
ஷிஜின் கயிற்றின் தும்பை அறுத்தான்.
சரியாய் மூன்று.

தண்ணீருக்கு மேலே ஒரு புள்ளி.
பிறகு, அவன் கையிலிருந்த திரையில் மட்டும்
ஒரு புள்ளி.
அது நகர்ந்தவரை
ஒருவரும் குடையை விரிக்கவில்லை,
மறுபடி தூறத் தொடங்கியும்.

இரண்டு நடை போய் வந்தது.
திரும்பி வரும் பெட்டியை
எடை போட வேண்டியதில்லை.
மூன்றாம் நடை முடிந்ததும்,
வேறு வேலை இல்லாத கை,
தூக்கித் தராசில் வைத்தது.
வெறும் பெட்டி இல்லை.

உள்ளே இன்சுலின் குப்பி இரண்டு,
மூடி திறக்காதது.
ஐஸ் பாதி உருகியிருந்தது.
கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சில் எழுத்து:

"காளியம்மைக்கு அனுப்பினது இது.
இது வரதுக்கு முன்னே, விடியக்காலம், போயிட்டாங்க.
வெயில் படாம வச்சிருந்தோம்.
மோதிரமலையில ஒருத்தருக்கு
இதே மருந்து வேணும்னு கேள்வி.
பெட்டி சும்மாதானே போகுது.
மல்லன் காணி."

லில்லி இரண்டு தரம் வாசித்தாள்,
இரண்டாவது தரம் சத்தமில்லாமல்.

தராசு நூற்றெண்பது காட்டியது.
தாள் நனைந்திருந்தது. பெட்டியும்.
கை பழக்கத்தில் கழிக்கப் போனது.
பேனா நோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

ஷிஜின் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.
"மோதிரமலைன்னா
காத்துக்கு எதிரா போணும் அண்ணா.
ரெண்டரைதான் தாங்கும்."

எழுதினேன்:
நூற்றெண்பது. கழிவு இல்லை.
இனி வைக்க இடம்
இரண்டு கிலோ முன்னூற்று இருபது.