மரகதமும் வல்லியும்

ஆரம்பாக்கத்தில் ஏறினால் அடுத்தது தடா.
நடுவில் ஒரு மாநிலம் முடிவது
ரயிலுக்குத் தெரியாது.
பலகையில் எழுத்து மட்டும் சுழிந்துகொள்ளும்.
இரண்டு எழுத்தும் எனக்கு வாசிக்க வரும்.
அதற்கென்று தனியாக யாரும் சம்பளம் தருவதில்லை.

முதலில் ஒரே பயோடேட்டாதான் வைத்திருந்தேன்.
இரண்டரைப் பக்கம்.
இறால் பண்ணையில் தண்ணீரின் உப்பு பார்த்தது,
டேலியில் ஜிஎஸ்டி போட்டது,
குட்டியானை ஓட்டியது, லைசென்ஸோடு,
செல்போன் போர்டில் சால்டரிங்,
கேன்டீனில் இருநூறு பேருக்குச் சாம்பார்,
பட்டா மாறுதல் மனு இரண்டு பாஷையிலும்.
மாட்டுக்கு ஊசி போடுவதை எழுதவில்லை.
அது வேலை இல்லை, அவசரம்.

கான்ட்ராக்டர் சுப்பராம நாயுடு
முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.
"பல மரம் கண்ட தச்சன்
ஒரு மரமும் வெட்டான், தெரியுமாம்மா?"

தெரியும்.
அவர் தலைக்கு மேல் மின்விசிறி
முழங்கால் வலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல்
சுற்றிக்கொண்டிருந்தது.
கெபாசிட்டர் போயிருக்கிறது. எண்பது ரூபாய்.
சொல்லவில்லை.

"ஏதாவது ஒண்ணு சொல்லு.
நீ யாரு?"
நாற்பத்தொரு வயதுக்காரியை
காற்று வராத ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்துக்
கேட்கிற கேள்வியா அது?

அன்று சாயங்காலம்
சூலூர்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
மரகதவல்லி என்கிற என்னைக் கத்தரித்தேன்.
மரகதத்துக்குக் கணக்கு.
வல்லிக்குச் சால்டரிங்.
எம்.வி.க்கு வண்டி.
மரகதத்துக்குக் கண்ணாடி போட்ட போட்டோ,
வல்லிக்குப் போடாதது, நான்கு வருஷம் பழையது.
எம்.வி.யை ஆம்பளை என்று நினைத்துக் கூப்பிட்டார்கள்.
குரல் கேட்டதும் ராங் நம்பர் என்று
அவர்களே வைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு எல்லாம் சுலபம்,
ஞாபகம் வைத்துக்கொள்வதைத் தவிர.
ஒரு கேட்டில் எனக்குத் தெலுங்கே தெரியாது,
உள்ளூர்க்காரி லீவு கேட்பாளாம்.
இன்னொரு இடத்தில் கம்ப்யூட்டரை
பக்கத்து வீட்டு நாயைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்,
படித்தவள் நிலைக்கமாட்டாளாம்.
தெரிந்ததைத் தெரியாததாகக் காட்ட
தெரிந்துகொண்டதைவிட அதிக நாள் பிடித்தது.
அதை எந்தத் தாளில் எழுதுவது?

பிறகு அந்த ஏசி உதிரி கம்பெனி.
ஹெச்.ஆர். பெண் லிகிதா,
கழுத்து டேக்கைக் கடித்துக்கொண்டே
இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
ஒரே பிறந்த தேதி. ஒரே தெரு.
மோவாயில் ஒரே மச்சம்.
"கவலலா, ஆன்ட்டி?"

தெலுங்கில் அதற்கு இரட்டையர் என்று அர்த்தம்.
தமிழ்க் காதில் கவலை என்றுதான் விழுந்தது.
இரண்டுக்கும் சேர்த்து
ஆமாம் என்றேன்.

"மூத்தவங்க யாரு?"
"மரகதம். ஏழு நிமிஷம்."
அந்த ஏழு நிமிஷம் எங்கிருந்து வந்ததோ,
இன்றுவரை தெரியாது.

அவள் சிரித்தாளா, இருமினாளா?
ஆதாரைக் கேட்கவில்லை. இன்னும்.
"லைன்ல ஒரு இடம்தான் இருக்கு.
வல்லி ஆன்ட்டி திங்கட்கிழமை வரலாம்.
மரகதம் ஆன்ட்டிகிட்ட,
வேகன்சி வந்தா கூப்பிடுறோம்னு சொல்லிடுங்க."

திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது.
எதிர் சீட்டில் ஒருவர் ஐஸ் பெட்டியில் மீனோடு.
எப்படிச் சொல்வது என்று
அக்கம்பேட்டையில் ஆரம்பித்து யோசித்துக்கொண்டு வந்தேன்.
தடா தாண்டியபோது அவளே பேசினாள்.

பதினாலாயிரத்து இருநூறில்
பி.எஃப்., கேன்டீன், பஸ் பிடித்தம் போக
கைக்கு எவ்வளவு வரும்,
சீட்டுப்பணம் கட்டினால் மிச்சம் எவ்வளவு என்று
மடமடவென்று சொல்லி முடித்துவிட்டாள்
மரகதம்.

வல்லி கேட்டுக்கொண்டாள்.
அவளுக்குக் கணக்கு வராதென்று
எழுதிக் கொடுத்திருக்கிறோம்.