ஒரு திர்ஹாம் இருபத்தாறு ஃபில்ஸ்

மூவாயிரத்துக்குள் முடி என்றார் மோத்வானி.
அவர் வாயில் மூவாயிரம் என்றால்
இரண்டாயிரத்து ஐந்நூறு.
பன்னிரண்டு வருடமாக அவரிடம் சம்பளம் வாங்குகிறவனுக்கு
இதுகூடவா தெரியாது.

ஷார்ஜா, தொழிற்பேட்டை பத்து.
ஏசி டக்ட் அடிக்கிற கம்பெனி.
வரைபடம், டெலிவரி நோட்டு, செக் நகல்
எல்லாம் கிடந்தது
ரெஜிமோனின் மேஜைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரில்.
போன வியாழக்கிழமை அது
தகரத்தைச் சுரண்டுவதுபோல் சத்தம் போட்டது.
ரெஜிமோன் சிலுவை போட்டுக்கொண்டான்.
கணக்கு எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று
யார் கிளப்பிவிட்டார்களோ,
என்னை அனுப்பினார்கள்.

பர்துபாயில், மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில்
ஜஹாங்கீர் கான் போர்வையை விலக்கிக் காட்டினார்:
ஏதோ ஒரு வங்கி கழித்துப்போட்ட சர்வர்.
வெறும் ஆயிரத்து நூறு.
"இரண்டு ப்ராசசர், அறுபத்துநாலு ஜிபி.
யானை, பாய், யானை."
பிளக்கைச் சொருகினார்.
பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்,
விமானம் ஏதும் இறங்குகிறதா என்று.

யானையை வாங்கிவிடலாம்.
தீனிக்கு எங்கே போவது?
ஊருக்கெல்லாம் குளிர் அனுப்பும் கம்பெனி
விடுமுறை நாளில் தன் அறைக்கு மட்டும் அனுப்பாது.
அணைத்துவிட்டுப் போ, கரண்ட் பில்.
ஆகஸ்டில், அடைத்த அலுவலகத்தில்,
பிளாஸ்டிக் ஸ்கேல் நாக்குபோல் தொங்கியதை
நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் சின்னப் பெட்டி.
செருப்பு டப்பா அளவு, எண்ணூற்றுத் தொண்ணூறு.
நாலு டெரா டிஸ்க் இரண்டு, தலா நானூற்றிருபது.
யூபிஎஸ் இருநூற்றறுபது.
ஆகக் கூடி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

"இரண்டு டிஸ்க் எதற்கு?"
ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதும், சார்.
"அப்போது ஒன்று வீண்."
ஸ்டெப்னியும் வீண்தான், சார், பஞ்சர் ஆகும்வரை.
அவர் சிரிக்கவில்லை.
"சரி, இரண்டு டெராவாக வாங்கு. முந்நூறு மிச்சம்.
விசா ரத்தானவன் ஃபைலெல்லாம் எதற்கு? அழி."

அழிக்கத்தான் திறந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
பாஸ்போர்ட், விசாப் பக்கம், புகைப்படம்.
ஆறு பேர் ஒரே கோட்டில் இருந்தார்கள்,
ரோலாவில் அந்த ஸ்டூடியோவிடம் ஒரே கோட்டுதான்.
லூர்துசேவியருக்குத் தோளில் தொங்கியது.
தங்கப்பழத்துக்குப் பொத்தான் எட்டவில்லை.
ஷஃபியுல் கண்ணை மூடிவிட்டிருந்தான்,
அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருடம் தங்கப்பழம் குவைத்திலிருந்து பேசினான்.
"அண்ணே, அந்தப் பழைய விசாக் காப்பி இருக்குமா?
வேலை பார்த்ததுக்கு ஆதாரம் கேக்கான்."
பதினோரு வருடம் ஆகியிருந்தது.
இருந்தது.
அனுப்ப இரண்டு நிமிடம்.
நன்றி சொன்னானா, தெரியவில்லை,
பாதியில் சிக்னல் போய்விட்டது.

வலது கிளிக் செய்து பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து
ஆறு ஜிபி.
நாலாயிரம் ஜிபிக்கு நானூற்றிருபது என்றால்
ஆறுக்கு அறுபத்துமூன்று ஃபில்ஸ்.
இரட்டைப் பிரதிக்கு ஒரு திர்ஹாம் இருபத்தாறு.
கீழே மலபார்க்காரன் கடையில் கரக் டீ
ஒன்றரை.

இதை மோத்வானியிடம் சொல்லவில்லை.
கணக்கு அவருக்குப் புரியும், அதுதான் பயம்.
முந்நூறை வேறு இடத்தில் குறைத்தேன்:
ஜஹாங்கீரிடம் பேரம் பேசி நூற்றைம்பது,
யூபிஎஸ்ஸைப் பழையதாக வாங்கி
இன்னொரு நூற்றைம்பது.
அது தப்பு. பேட்டரி ஒரு வருடம் தாங்காது.
தெரிந்தே செய்தேன்.

பெட்டி இப்போது பேன்ட்ரியில், பிரிட்ஜின் மேல்.
விடுமுறையிலும் அங்கே மட்டும் சின்ன ஏசி ஓடும்,
முதலாளியின் தயிருக்காக என்று சொல்லியிருக்கிறேன்.
முதல் இரவு நகலெடுத்தபோது உட்கார்ந்திருந்தேன்.
'நடப்பு' ஃபோல்டரில் முப்பத்தெட்டு பேர்,
என்னையும் சேர்த்து.
டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.
'ரத்து' போய்க்கொண்டே இருந்தது.
பிரேம் பகதூர் கதவைத் திறந்து கேட்டான்,
"இந்தப் பச்சை விளக்கை அணைக்க முடியாதா?
கண்ணைக் கூசுது."
முடியாது என்றேன்.
அவன் அதன்மேல் துணி போடப் போனான்,
அதையும் தடுத்தேன்.