பன்னிரண்டு கேள்விகள், முந்நூறு லெவா

கேள்விகளை அவரே எழுதி அனுப்பியிருந்தார்,
பதில்களையும்.
ஏழாவது பதிலுக்குப் பக்கத்தில்
சிவப்பு மையில்:
'இங்கே ஸ்லாத்தினா சிரிக்க வேண்டும்.'

ரூசே நகர வானொலியில் எனக்குப் பதினெட்டு வருடம்.
பாலத்தில் கரைந்த பணத்தைப் பற்றி
ஒரு துணை மேயரிடம்
ஒரே கேள்வியை ஆறு முறை கேட்டவள் நான்.
இப்போது செவ்வாயும் வியாழனும் பத்தேகாலுக்கு
சோபா விற்பவரிடம் சோபாவைக் கண்டு வியக்கிறேன்,
பல் வைத்தியரிடம் பல்லைக் கண்டு.
கால் மணி நேர வியப்புக்கு முந்நூறு லெவா.
அதில் நாற்பது என் கைக்கு வரும்,
குளிர்காலத்தில் அதுவே கணப்பு.

'இது கட்டணம் பெற்று ஒலிபரப்பாகும் பேட்டி'
என்று சட்டப்படி சொல்லியாக வேண்டும்.
சொல்கிறோம்.
அந்த வரிக்குக் கீழே அக்கார்டியனைக்
கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறான் யாவோர்.

ஓக்னியான் வந்தபோது பிப்ரவரி,
டான்யூப் இருக்குமிடம் தெரியாத மூட்டம்.
மேல்கோட்டில் அந்துருண்டை வாசம்.
கடைப் பெயர் போட்ட பேனா எனக்கு ஒன்று,
யாவோருக்கு ஏனோ இரண்டு.
காது கேட்கும் கருவி விற்கிறார்.

'வானொலியிலா?' என்று
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைத்தான் யாவோர்.
செவிடன் காதில் ஊதும் சங்குக்கும்
எங்களிடம் கட்டண விகிதம் உண்டு.

ஹெட்ஃபோன் வேண்டாம், தலை கலையும் என்றார்.
முதல் மூன்று கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின.
செய்திக்கு நேரம் போதாது, வெட்டு என்று சைகை வந்தது.
நாலையும் ஐந்தையும் தாண்டி
ஆறாவதற்குப் போனேன்:
'கருவி என்ன விலை ஆகும்?'

நிமிர்ந்து உட்கார்ந்தார், குரலைத் தழைத்தார்.
'என் அம்மாதான், ஸ்லாத்தினா.
எல்லாம் என் அம்மா கொடுத்தது.'

'தவணை வசதி உண்டா?'

'இரண்டு பேரும் வார்னாவில் படிக்கிறார்கள்.
தங்கமான பிள்ளைகள்.'

அப்போதுதான் அவர் விரலைப் பார்த்தேன்.
தாளில் பதில் பதிலாக இறங்கிக்கொண்டிருந்தது.
என் உதடு நின்றால் அவர் தொடங்குகிறார்.
நரைத்த கிருதாவை ஒட்டி
இரண்டு காதும் சுத்தமாக, காலியாக.
நான் கேட்ட எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

காப்பாற்றியிருக்கலாம்.
தாளில் விட்ட இடத்துக்குத் திரும்பி,
அவர் விரலோடு சேர்ந்து நடந்திருக்கலாம்.
ஆறாவது பதிலில் அவர் விலையைச் சொல்லி முடிக்கும்வரை
அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஆனால் யாரும் காசு கொடுக்காத ஒரு கேள்வி
பல வருடம் கழித்து
வாய்க்குள் வந்து நின்றது.

'நீங்கள் ஏன் போட்டுக்கொள்வதில்லை, ஓக்னியான்?'

விரல் ஏழுக்கு இறங்கியது.
'வெட்கம்தான், ஸ்லாத்தினா. வெறும் வெட்கம்.
கண்ணாடி போட்டால் படித்தவன்,
காதில் போட்டால் கிழவன்!'

மூன்று விநாடி நான் சிரிக்கவில்லை.
வானொலியில் மூன்று விநாடி என்பது
ஒருவர் செத்துப்போகப் போதுமான நேரம்.
யாவோர் எழுந்தே நின்றுவிட்டான்.
ஓக்னியான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
பணம் கட்டிய பொருள் இன்னும் வரவில்லையே
என்பதைப் போல, பொறுமையாக.

சிரித்தேன்.

போகும்போது இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.
'இத்தனை நன்றாக யாரும் என்னைக் கேட்டதில்லை.'

மதியம் நாலு பேர் அழைத்தார்கள்.
விலை விசாரிக்க மூன்று பேர்.
நாலாவது அவர் மனைவி.
'அதை நிஜமாகவே சொன்னாரா? வானொலியிலா?
ஒன்பது வருடமாகக் கேட்கிறேன் நான்.'
மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பதிவு கிடைக்குமா என்றாள்.

விளம்பரதாரருக்கு ஒரு பிரதி இலவசம்.
அக்கார்டியனை எடுத்துவிட்டு
அனுப்பி வைத்தேன்,
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி.