முப்பத்தொன்பது புள்ளி ஆறு

மரச்சுத்தியால் பீப்பாயின் வயிற்றில்
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
மூன்றாம் அடிக்குத் தக்கை தானே எம்பி வரும்.
அப்போது குனியக் கூடாது.
இருபத்தாறு வருடமாய் இதுதான் வேலை,
இருந்தும் குனிகிறேன்.
முதல் மூச்சு எனக்கென்று
எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.
எடுத்துக்கொள்கிறேன்.

கேம்பெல்டவுன். பிப்ரவரி.
கிடங்கின் மண்தரையில் கடல் கசிந்த ஈரம்.
நானூற்றுப் பதினெட்டாம் பீப்பாய்க்கு
இரண்டு சொந்தக்காரர்கள்:
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் ஐனா மெக்கிச்சன்,
குழாய் ரிப்பேர் பார்க்கும் நோர்வல் கில்கிறிஸ்ட்.
வாங்கிய வருடம் கணவன் மனைவி.
பிறகு வீட்டைப் பிரித்தார்கள், காரைப் பிரித்தார்கள்,
நாயை வாரம் மாற்றி வைத்துக்கொண்டார்கள்,
நாய் செத்தது.
இதை மட்டும் தொடவில்லை.
"இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கட்டும், விலை ஏறும்"
என்று தனித்தனியே எனக்குப் போன் செய்வார்கள்,
சொல் மாறாமல்.

விலை ஏறியது நிஜம்.
உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.
அளவுகோல் பாதிக்கும் கீழேதான் நனைந்து வந்தது.
தேவதைகளின் பங்கு என்பார்கள் எங்கள் பக்கத்தில்.
முப்பத்து நாலு வருடம்
ஒருநாள் விடுப்பில்லாமல் குடிக்கிறவரை
வேறு எந்த ஊரில் தேவதை என்கிறார்கள்?

செம்புக் குழாயால் மூன்று கோப்பைக்கு எடுத்தேன்.
நோர்வல் முகர்ந்து, "ஈரக் கயிறு" என்றார்.
"ஆரஞ்சுத் தோல். அடுப்புல விழுந்தது."
"கயிறு."
"மூக்குல துரு ஏறிப்போச்சு உனக்கு."
நான் வாயில் வைத்தேன்.
வெறும் தண்ணீர் என்று சொல்லிவிட்டது நாக்கு.
பிறகு, உப்பு.
உப்புக்குப் பின்னால் யாரோ மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்கள்.
ஆறவிட்டு மறந்துபோன கறுப்புத் தேநீரின் துவர்ப்பு.
விழுங்கி, பேனா மூடியைக் கழற்றி,
தேதி எழுதி, அடிக்கோடிட்ட பிறகும்
அது போய்க்கொண்டே இருந்தது,
போகப்போக இனித்தது,
தரையில் விழுந்து ஒரு பக்கம் கன்றிய பேரிக்காய்போல.
நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்து.
யாருக்கும் நான் அவ்வளவு போட்டதில்லை.

அப்புறம்தான் கண்ணாடி மிதவையை விட்டேன்.
முப்பத்தொன்பது புள்ளி ஆறு.
வெப்பமானி பார்த்தேன். அட்டவணை பார்த்தேன்.
மிதவையைத் துடைத்து மறுபடி விட்டேன்.
முப்பத்தொன்பது புள்ளி ஆறு.

நாற்பதுக்குக் கீழே இறங்கினால்
சட்டத்தில் இதன் பெயர் விஸ்கி இல்லை.
பெயர் இல்லாததை ஏலத்தில் கூவ முடியாது.
போன வருடம் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம்.
இன்று வாடகை பாக்கியுள்ள பழுப்புத் திரவம்.
சொன்னேன்.

"அப்பவே விக்கலாம்னேன்."
"நான்ல சொன்னேன்."
"நீ எங்க சொன்ன?"
இரண்டு பேரும் சொல்லவில்லை.
போனை எடுத்தவன் நான்.

ஒற்றை இலக்கப் பிசகு.
கண்ணாடியில் நீர்மட்டம் வளைந்து நிற்கும்,
வளைவின் மேல்விளிம்பா அடிவிளிம்பா
என்று கேட்க அங்கே வேறு ஆள் இல்லை.
பேனா கொஞ்சம் நின்றது.
நின்றதை மறைக்க மாட்டேன்.
நோர்வல் என் கையையே பார்த்தார்.
ஐனா கோப்பையைக் கவிழ்த்து
கடைசிச் சொட்டு இறங்கக் காத்திருந்தாள்.

அடிவிளிம்பைத்தான் எழுதினேன்.
பொருள் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.
மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு.
குறிப்பு என்ற கட்டம் விரல்நீளம்தான், அதில்
கயிறு, ஆரஞ்சுத் தோல்
இரண்டையும் நெருக்கி எழுதினேன்.

"இன்னொரு வாய் இருக்குமா?" என்றார் நோர்வல்.
விலை போகாததை அளந்து ஊற்றுவானேன்,
தாராளமாகவே ஊற்றினேன்.
கதவு திறந்தே கிடந்தது. காற்று. கடற்காகம் ஒன்று கத்தியது.
அவள் கையுறையைக் கழற்றிவிட்டு
பீப்பாயின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

என் கோப்பையைக் கழுவாமல்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
காய்ந்த கண்ணாடி பொய் சொல்லாது,
விடிந்ததும் முகர்ந்து பார்க்க வேண்டும்.

பார்த்தேன்.
கயிறுதான்.
ஐனாவிடம் சொல்லவில்லை.